பழைய கணுக்கால் முறிவு: திருத்துவதா, இணைப்பதா, மாற்றுவதா?

கணுக்காலில் எலும்பு முறிந்து, சரியான சிகிச்சை இல்லாமல் பல மாதங்களோ சில வருடங்களோ ஓடிவிட்டன. நடக்க முடிகிறது, ஆனால் வலிக்கிறது. கால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சாயங்காலமானால் வீங்குகிறது. இந்த நிலையில் எலும்பு மருத்துவரிடம் போகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பதில், "மூட்டை இணைத்துவிடலாம், ஃபியூஷன் பண்ணிவிடலாம்" என்பது. இரண்டு எலும்புகளை ஒன்றாக வளரவைத்து அந்த மூட்டையே இல்லாமல் செய்வதுதான் அது. கணுக்கால் இனி அசையாது என்று கேட்டதும் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர், "பழைய முறிவு, வேறு வழியே கிடையாது போல" என்று உடனே ஒத்துக்கொள்கிறார்கள். என் கருத்தில் இரண்டுமே அவசரம்.

முறிவு எத்தனை வருடப் பழசு என்பது மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. மூட்டுக்குள் குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான மெத்தை, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அது இருந்தால் ஒரு பாதை, போய்விட்டால் வேறு பாதை. இணைப்பா, செயற்கை மூட்டா என்ற விவாதமே இரண்டாவது பாதையில்தான் வருகிறது. முதல் கேள்வியைக் கேட்காமலே நேராக அந்த விவாதத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

மூட்டுக்குள் என்ன நடந்திருக்கிறது

கணுக்கால் மூட்டில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியா, அதன் வெளிப்பக்கம் ஒல்லியாக ஓடும் ஃபிபுலா, இவை இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் டாலஸ். கச்சிதம் என்பதுதான் இங்கே எல்லாமே. ராம்சி, ஹாமில்டன் என்ற இருவர் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், டாலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுவதைக் காட்டினார்கள். உடம்பின் எடை மாறவில்லை, அதைத் தாங்கும் இடம் மட்டும் சுருங்கிவிட்டது. மிச்சம் இருக்கும் சிறிய பரப்பில் அத்தனை பாரமும் இறங்கும்போது குருத்தெலும்பு அரைபடத் தொடங்குகிறது.

இடுப்பிலும் முழங்காலிலும் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்காலில் அப்படி இல்லை. இங்கே தேய்மானத்தோடு வருகிற 10 பேரில் சுமார் 7 பேருக்குப் பின்னால் ஒரு பழைய அடி இருக்கிறது. அதனால்தான் கணுக்கால் தேய்மானக்காரர்கள் முழங்கால்காரர்களைவிட இளையவர்களாகவும், இன்னும் வேலைக்குப் போகிறவர்களாகவும் இருக்கிறார்கள். இது பின்னால் வரும் எல்லா முடிவுகளையும் பாதிக்கும்.

சிகிச்சை இல்லாமல் விட்ட முறிவில் பொதுவாக என்னென்ன பார்க்கலாம்? ஃபிபுலா குட்டையாகி, திருகிக் கூடியிருக்கும். கணுக்காலின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு கூடாமல் தனியாக நிற்கும், அல்லது தப்பான இடத்தில் கூடியிருக்கும். டிபியாவையும் ஃபிபுலாவையும் கட்டிப்பிடிக்கும் தசைநார்கள் கிழிந்து இடைவெளி விழுந்திருக்கும். அந்த இடைவெளியைத் தழும்புத் திசு நிரப்பியிருக்கும். கூடவே, வலிக்குப் பயந்து குதிகாலை ஊன்றாமல் நடந்து நடந்து குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் சுருங்கி, பாதம் கீழ்நோக்கி நிற்கும். எந்த அறுவை சிகிச்சை செய்தாலும் இந்தச் சுருக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது விட்டுப்போகும்.

எக்ஸ்ரே என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படுத்துக்கொண்டு எடுத்த படம் இந்த முடிவுக்குப் போதாது. காலில் எடை போட்டு நின்றபடி எடுத்தால்தான் மூட்டு இடைவெளி உண்மையில் எவ்வளவு இருக்கிறது, டாலஸ் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். இரண்டு காலையும் எடுத்தால் இன்னும் நல்லது. ஃபிபுலா எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்பதை நல்ல காலோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். அப்புறம் சி.டி. ஸ்கேன்.

குருத்தெலும்பு மிச்சம் இருந்தால்

மூட்டு இடைவெளி ஓரளவு தெரிகிறது, எலும்புதான் தப்பாகக் கூடியிருக்கிறது என்றால், அந்தத் தப்பைத் திருத்தும் அறுவை சிகிச்சைதான் முதலில் பேசப்பட வேண்டியது. ஃபிபுலாவை மறுபடி வெட்டி, இழுத்து நீளமாக்கி, திருகலை நிமிர்த்தி, நடுவில் எலும்புத் துண்டு வைத்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுகிறார்கள். உள்பக்க இடைவெளியில் அடைத்திருக்கும் தழும்பைச் சுரண்டி எடுத்தால்தான் டாலஸ் பழைய இடத்துக்கு வரும். தசைநார் இடைவெளியையும் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

புது முறிவைச் சேர்ப்பதைவிட இது கஷ்டமான வேலை. ஆனால் பலன் பலர் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது. இப்படித் திருத்தப்பட்டவர்களை 10 முதல் 27 வருடங்கள் வரை பின்தொடர்ந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், 85 சதவீதத்தினருக்கு முடிவு நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. லேசான தேய்மானம் ஏற்கனவே தொடங்கியிருந்தது ஒரு தடையாக இருக்கவில்லை. தாமதம் கூடக் கூட பலன் குறைந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே "இத்தனை வருடம் இருந்துவிட்டேன், இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்" என்கிற கணக்கு இந்தக் கூட்டத்துக்குச் சரிவராது. இன்றைக்குத் திருத்தக்கூடிய மூட்டு அடுத்த வருடம் இணைக்க மட்டுமே லாயக்கானதாக மாறியிருக்கலாம்.

மூட்டின் ஒரு பாதி தேய்ந்து மறுபாதி நன்றாக இருப்பவர்களுக்கு, கணுக்காலுக்குச் சற்று மேலே டிபியாவை வெட்டிக் கோணம் மாற்றி, பாரத்தை நல்ல பாதிக்குத் திருப்பிவிடும் முறை ஒன்றும் உண்டு. இளம் வயதில் இது நல்ல பேரம். பின்னால் இணைப்போ செயற்கை மூட்டோ தேவைப்பட்டாலும், நேரான எலும்பில் அவை எளிதாகும்.

இந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசாமல் ஒரு மருத்துவர் நேராக இணைப்புக்குப் போனால், "குருத்தெலும்பு எவ்வளவு இருக்கிறது டாக்டர்?" என்று கேட்கலாம். சுத்தமாகப் போய்விட்டது என்று படத்தைக் காட்டிச் சொன்னால் சரி. பதில் மழுப்பலாக இருந்தால் இன்னொருவரிடம் காட்டுவதில் தப்பில்லை.

குருத்தெலும்பு போய்விட்டால்: இணைப்பு

இது புது வித்தை இல்லை. எடுவர்ட் ஆல்பர்ட் என்ற ஆஸ்திரிய அறுவை மருத்துவர் 1879-லேயே கணுக்காலை இணைத்திருக்கிறார். 1951-ல் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், எலும்புகளை வெளியிலிருந்து கம்பிகளால் அழுத்திப் பிடித்தால் அவை நன்றாக ஒட்டும் என்று காட்டினார். இன்று அந்த அழுத்தத்தைப் பெரும்பாலும் உள்ளே போடும் இரண்டு மூன்று தடித்த ஸ்க்ரூக்கள் தருகின்றன. தேவைப்பட்டால் பிளேட். தத்துவம் அதேதான்: மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி, இரண்டு பக்கமும் ரத்தம் கசியும் எலும்பை வெளிக்கொண்டுவந்து, அசையாமல் அழுத்தி வைப்பது. உடம்பு அதை ஒரு முறிவாக நினைத்துக் கூட்டிவிடும்.

கோணல் அதிகமில்லை என்றால் சிறு துளைகள் வழியாக உள்ளே கேமரா விட்டு, ஆர்த்ரோஸ்கோப் முறையிலும் செய்யலாம். காயம் சிறிது, மருத்துவமனை வாசம் குறைவு. ஆனால் நாம் பேசுவது வருடக்கணக்கில் கோணிக் கிடந்த கால்களைப் பற்றி. அவற்றில் பலவற்றுக்குத் திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும். எலும்பு குறைந்த இடத்தில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டும் தேவையும் வரலாம். சில மருத்துவர்கள் ஃபிபுலாவின் கீழ்ப்பகுதியை வெட்டி அதையே ஒட்டுத் துண்டாகப் பயன்படுத்துவார்கள். இளையவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது: ஃபிபுலாவைக் காப்பாற்ற முடியுமா? பிற்காலத்தில் இணைப்பைப் பிரித்துச் செயற்கை மூட்டு வைக்கும் வாய்ப்பு அந்த எலும்பு இருந்தால்தான் ஒழுங்காகத் திறந்திருக்கும்.

எந்தக் கோணத்தில் இணைக்கிறார்கள் என்பது வாழ்நாள் விஷயம். பாதம் காலுக்குச் செங்குத்தாக, குதிகால் 5 டிகிரி வரை வெளிப்பக்கம் சாய்ந்து, பாதம் 5 முதல் 10 டிகிரி வெளியே திரும்பி இருக்க வேண்டும். பாதம் கீழ்நோக்கி நின்றபடி ஒட்டிவிட்டால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். குதிகால் உள்பக்கம் சாய்ந்து ஒட்டினால் பாதத்தின் வெளி ஓரம் எல்லாப் பாரத்தையும் வாங்கும். இணைப்பு வெற்றி என்றாலும் நடை தோல்வி என்று சொல்லக்கூடிய நிலை அது.

இழப்பு என்ன? மேலும் கீழும் பாதத்தை அசைப்பதில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் எல்லாமே போய்விடாது. நடுப்பாதத்தின் சிறு மூட்டுகள் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. சமதளத்தில், செருப்போ ஷூவோ போட்டு நடக்கும்போது பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. மேட்டில் ஏறுவது, கரடுமுரடான தரை, படி இறங்குவது ஆகியவை சிரமம். குதிகாலைத் தரையில் வைத்துக் குத்த வைத்து உட்காருவது முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் போச்சு. சைக்கிள், நீச்சல் முடியும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இழக்கப்போகும் அசைவு என்பது நல்ல கணுக்காலின் அசைவு இல்லை. வருடக்கணக்கில் சேதமான மூட்டில் ஏற்கனவே 10, 15 டிகிரிதான் மிஞ்சியிருக்கும், அதுவும் வலியோடு. நல்ல கணுக்காலோடு ஒப்பிட்டுப் பயப்படுவது நியாயமில்லை. இன்றைக்கு உங்கள் கால் எவ்வளவு அசைகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். கொடுக்கப்போவது அவ்வளவுதான்.

அடுத்தது, எலும்பு ஒட்டாமல் போவது. பெரும்பாலானவர்களுக்கு ஒட்டிவிடுகிறது, ஆனால் 10 பேரில் ஒருவர் என்ற அளவில் ஒட்டாமலும் போகிறது. புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. புகையை நிறுத்தாதவர்களுக்கு இதைச் செய்யவே மாட்டேன் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, டாலஸுக்கு ரத்த ஓட்டம் போய்விட்ட நிலை, பழைய தொற்று, இவையும் ஒட்டுதலைக் கெடுக்கும்.

நீண்டகாலக் கணக்கும் உண்டு. அடிபட்ட கணுக்காலை இணைத்துக்கொண்ட 23 பேரைச் சராசரியாக 22 வருடங்களுக்குப் பிறகு பார்த்து 2001-ல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு அதே பாதத்தின் அக்கம்பக்க மூட்டுகள், குறிப்பாக டாலஸுக்குக் கீழே உள்ள மூட்டு, தேய்ந்திருந்தன. முழங்காலுக்கு அந்தப் பாதிப்பு தெரியவில்லை. 30 வயதில் இணைத்துக்கொள்கிறவர் 50 வயதுக்கு மேல் பக்கத்து மூட்டுக்கும் சிகிச்சை தேட வேண்டி வரலாம் என்பதை மனதில் வைத்தே சம்மதிக்க வேண்டும்.

செயற்கை மூட்டு

கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு 1970-களில் வந்தது. முதல் தலைமுறை மூட்டுகள் மோசமாகத் தோற்றன. அந்தக் கெட்ட பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. இப்போதுள்ளவை எவ்வளவோ மேல். அசைவு மிஞ்சுகிறது, பக்கத்து மூட்டுகளுக்குப் பாரம் குறைகிறது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு இங்கிலாந்தில் நடந்து 2022-ல் வெளியானது. 50 முதல் 85 வயதுக்குட்பட்ட 303 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பக்கமும் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். வலியும் நடையும் இரண்டு பக்கத்திலும் நன்றாகவே மேம்பட்டன. செயற்கை மூட்டு சற்று முன்னால் இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. காயம் ஆறாமையும் நரம்புப் பாதிப்பும் செயற்கை மூட்டில் அதிகம். இணைத்தவர்களில் 12 சதவீதத்தினருக்கு எலும்பு ஒட்டவில்லை, அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் அதனால் தொந்தரவு இருந்தது.

இந்த எண்களைச் சிகிச்சை இல்லாமல் விட்ட முறிவோடு இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு 35 வயதுக்காரருக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. செயற்கை மூட்டு 10 வருடத்தில் 10-ல் ஒன்றோ இரண்டோ தோற்கிறது, மறுபடி மாற்ற வேண்டி வருகிறது. 65 வயதில் அது ஏற்றுக்கொள்ளக்கூடிய கணக்கு. 35 வயதில், பாரம் தூக்கும் வேலையில் இருப்பவருக்கு, ஆயுளில் இரண்டு மூன்று தடவை மாற்றுவதற்கு அங்கே எலும்பு மிச்சம் இருக்காது. அதோடு செயற்கை மூட்டுக்கு நேரான கால், உறுதியான தசைநார், முன்பக்கம் ஆரோக்கியமான தோல் எல்லாம் வேண்டும். பழைய முறிவில் இவை மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். கோணலை முதலில் ஓர் அறுவையில் நிமிர்த்தி, பிறகு மூட்டை வைக்கலாம்தான். அது நீண்ட பயணம்.

என்னைக் கேட்டால்: 60 வயதைத் தாண்டியவர், உடல் உழைப்பு குறைவு, கால் ஓரளவு நேர், அசைவும் மிஞ்சியிருக்கிறது என்றால் செயற்கை மூட்டைத் தாராளமாக யோசிக்கலாம். டாலஸுக்குக் கீழே உள்ள மூட்டும் ஏற்கனவே தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் இன்னும் சாய்வேன், ஏனென்றால் இரண்டையும் இணைத்தால் பாதம் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். மற்றொரு காலின் கணுக்கால் முன்பே இணைக்கப்பட்டிருந்தாலும் அப்படியே. இளையவர், கடும் உழைப்பு, அதிகக் கோணல், கிட்டத்தட்ட அசையாத மூட்டு என்றால் இணைப்புதான். பழைய தொற்று இருந்தாலோ, சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போயிருந்தாலோ செயற்கை மூட்டு பேச்சுக்கே இடமில்லை. உணர்ச்சியில்லாத பாதத்தில் இணைப்பும் வேறு மாதிரி: பெரும்பாலும் குதிகாலிலிருந்து மேலே ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி இரண்டு மூட்டையும் சேர்த்தே பிடிக்கிறார்கள், ஒட்டுவதற்கு நாளும் அதிகம் ஆகிறது.

அறுவை வேண்டாம் என்றால்

அதுவும் ஒரு நேர்மையான தேர்வு. வலி தாங்கக்கூடிய அளவில் இருந்தால், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ், அடிப்பக்கம் வளைந்து உருளும் ஷூ, எதிர்க்கையில் கைத்தடி, எடைக் குறைப்பு, தேவைப்படும்போது வலி மாத்திரை என்று பல வருடங்கள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ மாதங்களோ தணிக்கும். ஆனால் ஊசி போட்ட கையோடு அறுவைக்குப் போகக் கூடாது, தொற்று வரும் ஆபத்து கூடும். குருத்தெலும்பு முழுக்கப் போன காலில் காத்திருப்பதால் இழப்பு அதிகமில்லை. திருத்தக்கூடிய காலில்தான் காத்திருப்பு விலை கேட்கும்.

வெளியே வளையக் கம்பிகள் மாட்டி மூட்டை 5 மில்லிமீட்டர் அளவு விரித்து மூன்று மாதம் வைத்திருக்கும் முறை ஒன்றும் உண்டு. இணைப்பைத் தள்ளிப்போட விரும்பும் இளையவர்களுக்கானது. பலன் ஒருவருக்கொருவர் மாறுகிறது, வருடங்கள் போகப் போகக் குறைகிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நாள் கணக்கு

இணைப்புக்குப் பிறகு பொதுவாக ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. அடுத்த ஆறு வாரம் மாவுக்கட்டு அல்லது கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியது தெரிந்தபிறகுதான் சாதாரண ஷூ. வீக்கம் ஆறு மாதமும் இருக்கும், ஒரு வருடமும் இருக்கும். நின்று செய்யும் வேலைக்குத் திரும்ப நான்கைந்து மாதம் ஒதுக்கி வையுங்கள். ஒரு காலில் ஊன்றுகோலோடு வீட்டில் எப்படி நடமாடப் போகிறோம் என்பதை அறுவைக்கு முன்பே ஒத்திகை பார்த்துக்கொள்வது பின்னால் எவ்வளவோ உதவும். ரத்தக்கட்டி தடுக்கும் மருந்தைப் பற்றியும் கேட்டு வைக்க வேண்டும், அசையாமல் இருக்கும் காலில் அது வரக்கூடியது. செயற்கை மூட்டில் ஊன்றும் நாள் பொதுவாகச் சீக்கிரம் வரும், காயம் ஆறுவதுதான் அங்கே கவலை.

முடிவெடுக்கும் முன் செய்து பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, கணுக்கால் மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் ஊசியைப் படம் பார்த்துப் போடுவது. போட்ட சில மணி நேரம் வலி கிட்டத்தட்ட மறைந்தால், வலி அங்கிருந்துதான் வருகிறது, இணைத்தால் போகும் என்று ஓரளவு நம்பலாம். பாதி வலி அப்படியே இருந்தால் பக்கத்து மூட்டோ நரம்போ பங்காளி, கணுக்காலை மட்டும் இணைத்தால் ஏமாற்றம்தான். இரண்டாவது, இரண்டு வாரம் மாவுக்கட்டோ அசையாத பூட்ஸோ போட்டு வழக்கமான வேலைகளைச் செய்து பார்ப்பது. படி, மேடு, வண்டி, குளியலறை எல்லாவற்றையும் அதோடு சமாளித்துப் பார்க்கலாம். பூட்ஸ் பாதத்தின் மற்ற மூட்டுகளையும் சேர்த்துப் பிடித்துவிடுவதால் அதில் தெரியும் விறைப்பு உண்மையான இணைப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அந்த இரண்டு வாரமும் வலி குறைந்து, விறைப்பைச் சமாளிக்க முடிந்தது என்றால் மருத்துவரிடம் தேதி கேட்கலாம். விறைப்புதான் வலியைவிடப் பெரிய தொந்தரவாகத் தெரிந்தது என்றால் அதையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.